சேவை, தீட்டு, சம்பளம்: ஒரு செவிலியின் பேச்சு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில், பணி ஓய்வு பெற்ற தலித் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. வார்டில் பேசித்தான் பழக்கம். 'செவிலியர்களின் பணி மனநிறைவும் பணி ஈடுபாடும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்னால், எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கிற ஒரு தங்கச்சி எங்க வார்டுக்கு வந்துச்சு. கையில ஒரு கத்தைத் தாள். "அக்கா, ஆராய்ச்சிக்கு. பத்து நிமிஷம்தான்." வாங்கிப் பார்த்தேன். நாற்பது கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். மிகவும் திருப்தி, திருப்தி, சொல்லத் தெரியவில்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. 'உங்கள் மேலதிகாரி உங்களை மரியாதையுடன் நடத்துகிறாரா?' என்று ஒரு கேள்வி. அந்த மேலதிகாரி அம்மா எனக்கு இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருக்காங்க. தாளைத் திரும்ப வாங்கப் போறதும் அவங்கதான்.

நைட் டியூட்டி முடிச்சிட்டு நிக்கிறேன். கால் வீங்கிப் போயிருக்கு. மேலிருந்து கீழ வரைக்கும் நாற்பது கேள்விக்கும் 'திருப்தி', 'திருப்தி'ன்னு டிக் போட்டுக் கொடுத்துட்டு பஸ் ஏறிட்டேன். அந்தப் பொண்ணு ஆராய்ச்சியில நான் திருப்தியான செவிலி. எங்கேயோ ஒரு நூலகத்துல, பைண்டு பண்ணின புத்தகத்துக்குள்ள, இன்னைக்கும் திருப்தியாத்தான் இருப்பேன்.

அந்தப் பொண்ணைக் குற்றம் சொல்லலை. ஆனா வருஷா வருஷம் நர்சிங் கல்லூரிகளில் இதே மாதிரி ஆராய்ச்சி நடக்குது. நாற்பது கேள்வியில் ஒன்றுகூட, 'உன்னை யாராவது சாதி கேட்டார்களா?' என்று கேட்கவில்லை. 'நேற்று ராத்திரி உன் பொறுப்பில் எத்தனை பேர்?' என்றும் கேட்கவில்லை. 'உனக்குக் கீழே இருப்பவரை நீ எப்படி நடத்துகிறாய்?' என்றும் கேட்கவில்லை. இந்த மூன்று கேள்வியைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

முதலில் அந்த ஆராய்ச்சிகளுக்கு அடிப்படை என்ன என்று பார்ப்போம். பிறகு நானே தேடிப் படித்தேன். 1959இல் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு புத்தகம் எழுதினார்கள். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்து எழுதியது. சம்பளம், மேற்பார்வை, வேலையிடச் சூழல் எல்லாம் ஒரு வகை. இவை சரியில்லை என்றால் அதிருப்தி வரும். சரியாக இருந்தாலும் திருப்தி வராது. சாதனை, பாராட்டு, பொறுப்பு, வேலையின் உள்ளடக்கம் இவை இன்னொரு வகை. இவைதான் உண்மையான திருப்தியைத் தரும். இதுதான் அவர் கண்டது. முதல் வகைக்கு அவர் வைத்த பெயர் 'சுகாதாரக் காரணிகள்'. எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிச்சது. சுகாதாரம்னா யார் கூட்டுறது, யார் கழுவுறதுன்னு நம்ம ஊர்ல ஒரு கேள்வி இருக்கு பாருங்க, அது அவருக்குத் தெரியாது. அவர் பேட்டி எடுத்தவர்கள் அடுத்தவர் மலத்தைத் தொட வேண்டிய வேலையில் இருந்தவர்கள் இல்லை.

அப்புறம் 1991இல் கனடாவில் மேயர், ஆலன் என்ற இருவர் பணி ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். வேலையிடத்தின் மேல் ஆசைப்பட்டு இருப்பது ஒன்று. விட்டுப் போனால் நஷ்டம், வேற வழியில்லை என்று இருப்பது இரண்டு. இருப்பதுதான் கடமை, விட்டுப் போவது தப்பு என்று இருப்பது மூன்று. இது நல்ல பாகுபாடு. இதைக் கையில் வைத்துக்கொண்டு எங்க வார்டைச் சுற்றிப் பார்த்தால் பல விஷயம் விளங்கும்.

நான் படிச்சு முடிச்சதும் ஒரு டவுன்ல தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். சேர்ந்த அன்னிக்கே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டிட்டாங்க. இரண்டு வருஷம் பாண்ட். நடுவுல போகணும்னா பணம் கட்டணும். அங்க இருந்த பத்து பதினைந்து பேரும் சிரிச்ச முகமா வேலை பார்த்தோம். டிரிப்ஸ் பாட்டில் உடைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்க. யாரும் வேலையை விடலை. நிர்வாகம் வெளியே பெருமையாச் சொல்லும்: "எங்க சிஸ்டருங்க எல்லாம் ரொம்ப டெடிகேட்டட்." பீரோவில் பூட்டியிருந்தது எங்க சர்டிபிகேட். அதுக்கு அவங்க வைத்த பெயர் ஈடுபாடு!

மேயர், ஆலன் சொன்ன இரண்டாவது வகையை முதல் வகை மாதிரி காட்டுவதும், அது போதாதபோது மூன்றாவது வகையைக் கொண்டு வந்து 'சேவை, தியாகம், புனிதம்' என்று நெற்றியில் ஒட்டுவதும்தான் நம்ம நாட்டு நிர்வாகத்தின் வேலை. செவிலியின் ஈடுபாடு பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த மோசடியின் மேல்தான் நிற்கிறது.

இந்த மோசடியைப் புரிந்துகொள்ள ஹெர்ஸ்பெர்க்கை விட அண்ணல் அம்பேத்கர்தான் எனக்கு உதவினார். நான் சும்மா கூட்டத்துக்காகச் சொல்லவில்லை. 'சாதி ஒழிப்பு' 1936இல் வந்தது. சாதி வேலைப் பிரிவினை இல்லை, வேலைக்காரர்களைப் பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைத்தது என்று அதில் சொல்வதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை. அங்கே அவர் வேலைத் திருப்தி பற்றித்தான் பேசுகிறார். ஒரு தொழிலை மதம் இழிவு என்று முத்திரை குத்தி, அந்த முத்திரையைச் செய்கிறவன் மேலேயும் குத்தினால், அவனுக்கு அந்த வேலை மேல் வெறுப்பும் தப்பித்து ஓடும் எண்ணமும்தான் இருக்கும். மனமும் அறிவும் ஒட்டாத வேலையில் திறமை எங்கிருந்து வரும் என்று கேட்கிறார். ஹெர்ஸ்பெர்க்குக்கு 23 வருடம் முன்பு! மேலாண்மைப் பாடப் புத்தகம் எதிலும் இதை நான் பார்த்ததில்லை.

இப்போது செவிலியர் தொழிலுக்கு இதை வைத்துப் பாருங்கள்.

நம்ம ஊர்களில் பிரசவம் பார்த்தவர்கள் யார்? பெரும்பாலும் மருத்துவச்சிகள். முடி திருத்தும் சாதிப் பெண்கள். சில இடங்களில் சேரிப் பெண்கள். தொப்புள் கொடி அறுப்பது, ரத்தத் துணி அலசுவது எல்லாம் தீட்டு. அந்தத் தீட்டை வாங்கிக்கொள்ள ஒரு சாதியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஊரிலுள்ள எல்லாத் தலையும் அவர்கள் கையில்தான் விழுந்தது. ஆனால் அந்தக் கை வீட்டு நடைக்கு மேல் வரக் கூடாது. கூலி நெல்லும் பழைய சேலையும்.

பிறகு வெள்ளைக்காரன் ஆட்சியில் ஆஸ்பத்திரி வந்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி ஆரம்பமானது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். படிக்க வந்தது யார்? ஆங்கிலோ இந்தியப் பெண்கள், மதம் மாறிய கிறித்தவப் பெண்கள், விதவைகள், கைவிடப்பட்டவர்கள். 'நல்ல குடும்பத்து' இந்துப் பெண் வரவில்லை. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவதா, ராத்திரியில் வெளியே தங்குவதா, பீ மூத்திரம் எடுப்பதா என்று ஆதிக்க சாதிகள் ஒதுங்கின. 1946இல் வந்த போர் கமிட்டி அறிக்கை கணக்குப் போட்டபோது, இந்த நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலி என்ற நிலை இருந்தது. இதைப் பணப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்கிறார்கள். தொடுவதற்கு ஆள் கிடைக்காத பற்றாக்குறையும் அதில் இருக்கிறது. தீண்டாமை ஒரு நாட்டின் மருத்துவமனையை எப்படிக் காலி செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எங்களுக்குப் படிப்பு தொடங்கும்போது விளக்கேற்றி நைட்டிங்கேல் உறுதிமொழி வாங்குவார்கள். கையில் மெழுகுவர்த்தியோடு எல்லாரும் அழுதோம். அந்த உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவே இல்லை என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற செவிலியர் பள்ளித் தலைவியும் அவர் குழுவும் எழுதியது. நைட்டிங்கேல் அம்மையார் புள்ளிவிவரம் போட்டு, சாக்கடையும் காற்றோட்டமும் சரியில்லாததால்தான் சிப்பாய்கள் சாகிறார்கள் என்று ராணுவ அமைச்சகத்தோடு மல்லுக்கட்டியவர். அவர் கையிலிருந்த கணக்கை எடுத்துவிட்டு விளக்கை மட்டும் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். கணக்குக் கேட்கிற செவிலி ஆபத்து. விளக்குப் பிடிக்கிற செவிலி புனிதம்.

அதே கிரிமியா யுத்தத்துக்கு ஜமைக்காவிலிருந்து மேரி சீகோல் என்ற கலப்பினப் பெண்ணும் போனார். 1854இல் லண்டனில் செவிலியாகச் சேர விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். சொந்தச் செலவில் போய், போர்க்களத்துக்குப் பக்கத்தில் விடுதி போட்டு வைத்தியம் பார்த்தார். என் தோல் நிறம்தான் காரணமோ என்று தன் வரலாற்றில் கேட்கிறார். எங்க பாடத்தில் சீகோல் கிடையாது. எங்க ஹாஸ்டல் சுவரிலும் கிடையாது.

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்போது ஆஸ்பத்திரியில் யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஒரு பெரியவர். சர்க்கரைப் புண். முதுகிலும் படுக்கைப் புண். தினமும் காலையில் நான்தான் சீழ் எடுத்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். அவர் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். பெரியவர் கையெடுத்துக் கும்பிடுவார்: "நீ என் தாயி." பத்து நாள் இப்படிப் போச்சு. ஒருநாள் மகள் பேச்சுக் கொடுத்தார். "சிஸ்டருக்கு எந்த ஊரு?" சொன்னேன். "அந்த ஊருல எந்தப் பக்கம்? கோயில் தெருவா?" "இல்லம்மா, காலனி." அவ்வளவுதான். முகம் மாறலை. சண்டை போடலை. மறுநாள் புண் கட்டினேன், கும்பிட்டார். கட்டி முடிச்சு, கை கழுவிட்டு, டம்ளரில் பால் ஊற்றி வாயில் கொடுக்கப் போனேன். பெரியவர் வாயை இறுக்கி மூடிக்கிட்டார். மகள் ஓடி வந்து டம்ளரை வாங்கி, "நாங்க குடுத்துக்கிறோம் சிஸ்டர், உங்களுக்கு ஏன் சிரமம்" என்றார்.

புண்ணை நான் தொடலாம். பாலை நான் தொடக் கூடாது. சீழைத் தொட என் சாதி தகுதி. பால் கொடுக்க என் சாதி தடை. இதை அந்த நாற்பது கேள்வியில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

இன்னொன்றும் சொல்லணும். அதுக்கப்புறமும் அவருக்குப் புண் கட்டினேன். நல்லாத்தான் கட்டினேன். பெருந்தன்மை எதுவும் இல்லை. அந்த வேலை எனக்குத் தெரியும். நல்லாச் செய்யத் தெரிந்த வேலையைக் கெடுத்துச் செய்ய என் கை வராது. அதுதான் என் பெருமை. அதை 'தாய்மை' என்றோ 'சேவை மனப்பான்மை' என்றோ யாராவது பெயர் மாற்றினால் எனக்குக் கோபம் வரும். அது படித்து வந்த தொழிலறிவு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எத்தனை பேர்?

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு ஒன்று இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி, பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர். நான் பெண்கள் வார்டில் நைட் பார்த்த ஒரு நாள், தரையில் படுத்தவர்களையும் சேர்த்து 54 பேர். நான் ஒருத்தி. ஐந்துக்கு ஒன்று என்றால் 11 பேர் இருந்திருக்கணும். மீதிப் பத்துப் பேரின் வேலையைத்தான் 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லால் நிரப்புகிறார்கள். பத்துச் சம்பளம் மிச்சம்.

இது எங்க கால் வலிப் பிரச்சினை மட்டும் இல்லை. 2002இல் லிண்டா எய்கன் என்ற செவிலிய ஆய்வாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தார். ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அதே ஒரு நோயாளியால் செவிலி மனம் வெந்து ஓய்ந்து போகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி 15 சதவீதமும் கூடுகிறது. கவனியுங்கள் தோழர்களே. செவிலியின் அதிருப்தியும் நோயாளியின் சாவும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. எண்ணிக்கையிலிருந்து! கலிபோர்னியாவில் செவிலியர்கள் சங்கம் வைத்துப் போராடி 1999இல் இதற்குச் சட்டமே கொண்டுவர வைத்தார்கள். 2004இல் நடைமுறைக்கு வந்தது. தியான வகுப்பு நடத்தி மனநிறைவு கொண்டுவரவில்லை. ஆள் எண்ணிக்கையைச் சட்டத்தில் எழுதினார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் தரையில் படுத்திருப்பது யார்? நம்ம ஜனங்க. செவிலி எண்ணிக்கை குறைந்தால் சாகிற உயிர் யாருடையது? அதனால்தான் சொல்கிறேன், இது செவிலியர் சங்கத்தோடு முடிகிற பிரச்சினை இல்லை. இயக்கத்தின் பிரச்சினை.

அடுத்து சம்பளம். எங்க காலத்தில் அரசு வேலை என்றால் காலமுறை ஊதியம், ஓய்வூதியம். என் குடும்பம் குடிசையிலிருந்து ஓட்டு வீட்டுக்கு வந்தது அந்தச் சம்பளத்தில். என் தம்பி படித்தது அதில். இட ஒதுக்கீட்டில் வந்த ஒரு வேலை ஒரு தெருவையே எப்படி நிமிர்த்தும் என்று நான் பார்த்திருக்கிறேன். பிறகு என்ன ஆச்சு? நம்ம பிள்ளைகள் படித்து வரிசையில் வந்து நிற்கும்போது வேலையின் பெயரையே மாற்றிவிட்டார்கள். தொகுப்பூதியம்! 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்தார்கள். இரண்டு வருடம் முடிந்தும் கேட்பாரில்லை. 2017 நவம்பர் 27ஆம் தேதி சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் உண்டு. உயர் நீதிமன்றம் தலையிட்டு மூன்றாம் நாள் போராட்டம் முடிந்தது. அப்போது தொலைக்காட்சியில் கேட்டார்கள்: "நோயாளியை விட்டுவிட்டு வரலாமா? சேவை உணர்வு எங்கே?" வார்டில் ஐம்பது பேருக்கு ஒருவரைப் போட்டவர்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

2020ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. அந்த வருடம்தான் கொரோனா. மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடே தட்டைத் தட்டிக் கைதட்டியது. மே 3ஆம் தேதி ஹெலிகாப்டரில் வந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூப்போட்டார்கள். அந்த வருடம் அவசரத்துக்கு எடுத்த செவிலியர்களில் ஏறக்குறைய 2,400 பேருக்கு 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு பணி நீட்டிப்பு இல்லை என்று ஆணை வந்தது. புத்தாண்டில் அவர்கள் தெருவில் நின்றார்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக வேறு ஒப்பந்த வேலை தருகிறோம் என்று அரசு சொன்னது. பூவுக்கு ஓய்வூதியம் கிடையாது, கைதட்டலுக்கு அகவிலைப்படி கிடையாது என்று அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்.

பிரசவ வார்டில் அடுத்தவர் பிள்ளையைக் கையில் வாங்குகிற ஒப்பந்தச் செவிலியர்கள், தங்கள் பிரசவத்துக்குச் சம்பளத்துடன் விடுப்பு கேட்டு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மகப்பேறு உதவிச் சட்டம் வேண்டும் என்று 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் பேசியவர் அம்பேத்கர். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு.

தனியார் மருத்துவமனைகள் பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி ஒரு நிபுணர் குழு போட்டார்கள். 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் செவிலிக்குச் சமமான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. பரிந்துரை தானாக நடந்துவிடாது. கேரளத்தில் 2011க்குப் பிறகு தனியார் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு வேலைநிறுத்தம் மேல் வேலைநிறுத்தம் செய்து, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையை வாங்கினார்கள்.

இதுவரை நான் பேசியதில் நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள். கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் உங்களை ஏமாற்றியதாக ஆகும்.

ஒரு ராத்திரி. அப்போது நான் ஒரு சின்ன அரசு மருத்துவமனையில் இருந்தேன். கூலி வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிட்டு வந்தாங்க. தரையில் பாய் போட்டுத் தூங்கினவள். கட்டுவிரியன். கண் இமை தொங்கிடுச்சு, கழுத்து நிக்கலை, மூச்சு வாங்குது. டியூட்டி டாக்டர் விஷமுறிவு மருந்து ஏற்றச் சொல்லி, டியூப் போட்டார். எங்ககிட்ட வென்டிலேட்டர் கிடையாது. கையால் அமுக்குகிற ஆம்பு பை மட்டும்தான். நிமிஷத்துக்கு 12, 15 தடவை அமுக்கணும். நிறுத்தினால் உயிர் போகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்க மறுநாள் மதியம் ஆச்சு.

யார் அமுக்கினது? நான், டாக்டர், அந்தப் பெண்ணின் அண்ணன், அப்புறம் எங்க துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருத்தர். நான் மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததால் அந்தம்மாவுக்கு எப்படி அமுக்குவது, நெஞ்சு எழும்புதா எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். என்னைவிட அதிக நேரம் அமுக்கினது அவங்கதான். ஒரு தடவைகூடத் தாளம் தப்பலை. இரண்டு வாரம் கழித்து அந்தக் கூலிக்காரப் பெண் நடந்து வந்து எங்களைப் பார்த்தாள். முப்பது வருஷ வேலையில் 'மனநிறைவு' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அந்த நாள்தான்.

ஆனால் அந்த மதியம் என்ன நடந்தது? வண்டி போனதும் டாக்டர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், அருமையான வேலை" என்றார். "தேங்க் யூ சார்" என்றேன். பக்கத்தில் நின்ற அந்தம்மாவை அவர் பார்க்கலை. நானும் சொல்லலை. அடுத்த நிமிஷம் கீழே கிடந்த வாந்தியைப் பார்த்து, "ஏ ஆயா, இதைத் துடைச்சிட்டுப் போ" என்றேன். என் அம்மா வயசு. ஒரு வருஷம் கூட வேலை பார்த்திருக்கேன். அவங்க பேர் எனக்குத் தெரியாது. அவங்க துடைச்சாங்க. துடைச்சிக்கிட்டே, நிமிர்ந்து பார்க்காம, "நீயும் நம்ம தெருவுதானேம்மா" என்றாங்க.

வேற எதுவும் சொல்லலை. நான் செத்துட்டேன் அன்னிக்கு.

அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு அதுதான். ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படி இருக்கும். மேலே இருப்பவன் மிதிக்கிற வலியை, கீழே மிதிக்கிற சுகத்தில் மறந்துவிடலாம். ஆஸ்பத்திரியை அப்படியே பாருங்கள். மருத்துவர், கண்காணிப்பாளர், ஸ்டாஃப் நர்ஸ், துணைச் செவிலி, ஆயா, துப்புரவுப் பணியாளர். மேலிருந்து கீழே வர வர உடம்பின் அசுத்தம் அதிகம், சம்பளம் குறைவு, நாற்காலி கிடையாது. செவிலியர் தொழிலுக்கு மரியாதை வந்தது என்கிறோமே, அது எப்படி வந்தது? தீட்டான வேலையை மரியாதைக்குரிய வேலையாக மாற்றி வரவில்லை. தீட்டான பகுதியை ஆயா தலையில் தள்ளிவிட்டு, நாம் கேஸ் ஷீட்டையும் ஊசியையும் வைத்துக்கொண்டதால் வந்தது. இன்றைக்கு அந்த ஆயாவையும் துப்புரவுப் பணியாளரையும் ஒப்பந்தக் கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது. அவர்களுக்கு நாற்பது கேள்வித் தாள்கூட யாரும் கொடுப்பதில்லை. அவர்களுக்குத் திருப்தி என்று ஒன்று இருக்கும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. இன்னொருவரின் இழிவை வைத்து வாங்கிய திருப்தி எனக்கு வேண்டாம்.

முடிக்கிறேன். இங்கே மாணவர்கள் இருக்கிறீர்கள். நர்சிங் படிக்கிற பிள்ளைகளும் நாலைந்து பேர் இருப்பதைப் பார்க்கிறேன். உங்களுக்கு மூன்று விஷயம்.

நீங்கள் ஆராய்ச்சி செய்யப் போனால், மேலதிகாரி முன்னால் தாளைக் கொடுக்காதீர்கள். டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள். எத்தனை நோயாளி, நிரந்தரமா, ஒப்பந்தமா, சர்டிபிகேட் யாரிடம், சாதி கேட்டார்களா என்று கேளுங்கள். திருப்தியா என்று கடைசியாகக் கேட்டால் போதும்.

வேலைக்குப் போனால் கணக்கு எழுதுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நோயாளி, எத்தனை செவிலி, தேதி போட்டு ஒரு நோட்டில். நைட்டிங்கேல் கையிலிருந்த விளக்கை விட அவர் போட்ட கணக்குதான் ராணுவத்தை அசைத்தது. உங்கள் நோட்டு நாளைக்கு நீதிமன்றத்துக்கும் போகும், போராட்டத்துக்கும் போகும்.

மூன்றாவது. சங்கம் வைத்தால் வார்டைக் கூட்டுகிறவரையும் சேர்த்து வையுங்கள். வெள்ளைச் சீருடை தனி, நீலச் சீருடை தனி என்று சங்கம் வைத்தால், ஊரும் சேரியும் போலத்தான் அதுவும். முதல் நாளே அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அந்தம்மாவின் பெயரை அன்றைக்கு மாலை டியூட்டி முடியும்போது கேட்டேன். சொன்னாங்க. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிச்சாங்க. "நல்லா அமுக்கினேனாம்மா?" என்று கேட்டாங்க. "என்னைவிட நல்லா அமுக்கினீங்க" என்றேன். அவங்க சிரிச்ச சிரிப்பை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று யாராவது ஆராய்ச்சி செய்யுங்கள்.

 ஜெய்பீம்.